ஆண் கொசுவின் தலையில் பஞ்சு

கொசுவும் தவளையும் சிலந்தியும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஆண் கொசுவின் தலையில் இருந்த இரண்டு இழைகளும் பெண் கொசுவுக்கு இருப்பவை போல மொட்டையாகத்தான் இருந்தன. அந்த இழைகள்தான் அதற்குக் காது. பக்கத்தில் இருந்து கூப்பிட்டால் கேட்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் கேட்காது.

ஓர் ஏரிக்கரைக் கோரைப்புதரில் சிற்றன் என்ற கொசுவும் அவன் பெண்டாட்டி பொடிச்சியும் குடியிருந்தார்கள். ஒரு மழைநாளில் அடித்த காற்று பொடிச்சியைப் பிய்த்துக்கொண்டு போனது. மழை விட்டதும் சிற்றன் தேடக் கிளம்பினான். கரையெல்லாம் தவளைச் சத்தம். ஏரியோ ஏறிக்கொண்டே இருந்தது. பொழுது சாய்வதற்குள் கரை முங்கிவிடும். கொஞ்சநேரம் வாயை மூடும்படி தவளைகளிடம் கெஞ்சிப் பார்த்தான். வருஷம் முழுக்க இந்த மழைக்காகக் காத்திருந்தோம், உன் பெண்டாட்டிக்காக நிறுத்த முடியாது என்று அவை சொல்லிவிட்டன.

வேறு வழி தெரியாமல் சிலந்தியிடம் போனான். எந்தக் கொசுவும் தானாகப் போகிற இடமில்லை அது. இரண்டு முழம் தள்ளி ஒரு கோரை நுனியில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை இரைச்சலிலும் ஒரு சின்னப் பூச்சி நூலைத் தொட்டது உனக்கு எப்படி அக்கா தெரிகிறது என்று கேட்டான்.

சிலந்திக்கு அன்று வயிறு நிறைந்திருந்தது. அதனால் சொன்னாள்.

"சும்மா கிடக்கிற ஊஞ்சலை எறும்பு தள்ளினா அசையுமா? நீயே அதை ஆட்டிக்கிட்டு இரு. நின்னுடுமோ, அறுத்துக்கிட்டுப் போயிடுமோன்னு இருக்கிற இடத்துல பிடிச்சு வை. அப்போ அதோட வீச்சுக்கு ஒத்தாப்புல எறும்பு தொட்டாக்கூட எகிறும். என் நூலும் அப்படித்தான், உன் காது இழையும் அப்படித்தான்."

ஒத்துவராத சத்தம் என்னாகும் என்று சிற்றன் கேட்டான்.

"அது உன்னைத் தாண்டிப் போயிடும். ஆனா ஒண்ணு, ஆட்ட ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த முடியாது. யோசிச்சுக்கோ."

சிற்றன் யோசிக்கவில்லை. நாணல் பூவிலிருந்து பஞ்சை உருவி, காற்றின் அசைவு பிடிபடட்டும் என்று இரண்டு இழைகளிலும் சுற்றிச் செருகிக்கொண்டான். பொடிச்சியின் இறக்கைச் சுருதியை நினைத்து, அதே வேகத்தில் இழைகளை நடுக்கினான். அதிகமாக ஆட்டினால் தன் ஆட்டமே காதை அடைத்தது. குறைத்தால் தவளைச் சத்தம் மட்டும்தான். தலை வலிக்க வலிக்கக் கூட்டியும் குறைத்தும் பார்த்தான். கடைசியில் இழைகளின் ஆட்டம் சிலந்தி சொன்ன அந்த விளிம்புக்கு வந்தது. தவளைச் சத்தம் எங்கோ ஒதுங்கியது. காதுக்குள்ளேயே இருப்பது போல ஒரு ரீங்காரம் கேட்டது.

அதைப் பிடித்துக்கொண்டே பறந்தான். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த ஒரு காலி நத்தை ஓட்டுக்குள், இறக்கை மடங்கிப் பொடிச்சி கிடந்தாள். காலைப் பிடித்து வெளியே இழுத்தான். நீ கூப்பிட்டது கேட்டுத்தான் வந்தேன் என்றான்.

"நான் இப்போ கூப்பிடவே இல்ல. முன்னாடியே கூப்பிட்டுக் கூப்பிட்டு விட்டுட்டேன்," என்றாள் அவள். "குளிர்ல இறக்கை தானா நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான்."

பொடிச்சியின் இறக்கை நாலு நாளில் சரியானது. சிற்றனின் நடுக்கம் மட்டும் நிற்கவே இல்லை, பஞ்சும் உதிரவில்லை. பிறந்த ஆண்பிள்ளைகளும் பஞ்சுத் தலையோடுதான் பிறந்தார்கள். பொடிச்சி எங்கிருந்து பாடினாலும் சிற்றன் வந்து நின்றான். அந்தச் சுருதியில் வேறு யார் முனகினாலும் அப்படியே போய் நின்றான். அதில் பொடிச்சிக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

அந்தி வெளிச்சத்தில் யாராவது மெல்ல முனகினால், பெண்தான் அழைக்கிறாள் என்று நம்பி ஆண் கொசுக்கள் கூட்டமாகத் தலைக்கு மேல் வந்து கூடுவது அன்று முதல்தான்.