எலுமிச்சை உருண்ட நேரம்

பூட்டு வியாபாரி வீரபாகு காதோரம் நரைத்த பிறகு சோதிடம் படிக்க வந்தவன். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் மரகதம்மாள். அது தகப்பனிடமிருந்து அவளுக்கு வந்த வித்தை. பலன் கேட்டுப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

"பொம்பளைகிட்ட கட்டம் படிக்கிறியாமே? அப்படியே ரசம் வைக்கவும் படிச்சுக்கோ" என்று கடைத்தெருவில் கேலி செய்தார்கள். வீரபாகு பொருட்படுத்தவில்லை. அவள் கணக்கு தப்பாது என்று நன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவளிடம் வந்திருந்தான்.

அவன் சுபாவம் அப்படி. தன் கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பலமுறை இழுத்துப் பார்ப்பான். பாதித் தெரு போனதும் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பான்.

அன்று மற்றவர்கள் எழுந்து போகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தான். பிறகு மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். அதில் கட்டம் இருந்தது, பெயர் இல்லை.

"யாரு ஜாதகம்?" என்றாள் மரகதம்மாள்.

"தெரிஞ்சவர் ஒருத்தரோட பையன். பேர் சொல்ல வேண்டாம்னுட்டார்."

"என்ன கேக்குறார்?"

"குறிச்ச நேரம் சரிதானான்னு கேக்குறார்."

அவள் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "லக்னம் ரிஷபத்தோட வாசப்படியில நிக்குது. கொஞ்சம் முந்திப் பிறந்திருந்தா மேஷம்."

"அதாம்மா விஷயம். மேஷம்னா குரு பார்க்குது. ரிஷபம்னா லக்னத்தையும் பார்க்கலை, சந்திரனையும் பார்க்கலை." வீரபாகுவின் குரல் தாழ்ந்தது. "அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வேறன்னு ஒரு பழைய பாட்டு இருக்கே. நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

"அந்தப் பாட்டை வச்சு ஒரு குடும்பத்தைத் தொடக்கூடாதுன்னும் சொன்னேன்."

"சொன்னீங்க."

"அது மட்டும் உங்க சிநேகிதர் காதுல விழலை போல."

வீரபாகு தலை குனிந்துகொண்டான். அந்தப் பாட்டைக் கேட்ட அன்றே வீட்டுக்குப் போய்த் தன் மகன் கட்டத்தை எடுத்துப் பார்த்தவன் அவன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. பையன் இடது கையால் பம்பரம் விட்டான். தன் வம்சத்தில் இடது கைக்காரர் யார் என்று யோசித்தான். மனைவி தெய்வானை மோர்க்காரனிடம் பேரம் பேசிச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று யோசித்தான். அவள் பேசாமல் இருந்தாலும் ஏன் பேசவில்லை என்று யோசித்தான்.

"அவருக்கு அவசரம்மா," என்றான். "விடிஞ்சதும் பொண்டாட்டியையும் பிள்ளையையும் அவ அப்பன் வீட்டுக்கு அனுப்ப வண்டி சொல்லிட்டார்."

"அந்த அம்மாவுக்குக் காரணம் தெரியுமா?"

"தெரியாது. துணியை மடிச்சு வைன்னு மட்டும் சொல்லியிருக்கார்."

மரகதம்மாள் தாளைக் கீழே வைத்தாள். "நேரம் எப்படிக் குறிச்சாங்க?"

"எலுமிச்சம்பழம்தான்."

குழந்தையின் தலை தெரிந்ததும் பிரசவ அறைக்குள்ளிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை வெளியே உருட்டி விடுவது அந்த ஊர் வழக்கம். வாசலில் காத்திருப்பவர் அதைப் பார்த்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்.

"கடிகாரம் சரியா ஓடுச்சா?"

"அன்னைக்கு உச்சிவேளைதான் கோயில் மணிக்கு வச்சு நிமிஷம் பிசகாமத் திருப்பி வச்சேன்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். மரகதம்மாள் எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பழத்தை உருட்டினது மருத்துவச்சியா?"

"இல்லை. அவளுக்கு ரெண்டு கையிலயும் வேலை. பெத்தவ கையிலயே பழத்தைக் கொடுத்து, நான் சொன்னதும் உருட்டி விடுன்னு சொல்லியிருக்கா."

மரகதம்மாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தவள் ஓர் எலுமிச்சம்பழத்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் சொன்னதும் இதை வாசப்பக்கம் உருட்டுங்க."

"எதுக்கும்மா?"

"உருட்டுங்களேன்."

அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் எதிரே அமர்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். சாதாரணமாகக் கேட்டாள்:

"வீரபாகு, காலையில வண்டி ஏறப்போறது தெய்வானைதானே? உருட்டுங்க."

அவன் அசையவில்லை. தெருவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"உருட்டச் சொன்னேனே."

அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பழத்தோலில் நாலு நகம் பதிந்திருந்தது. உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"அன்னைக்கு உருண்டு வந்த பழத்துல நகம் பதிஞ்சிருந்துச்சா?" என்றாள் மரகதம்மாள்.

"நான் கடிகாரத்தைத்தாம்மா பார்த்தேன்."

"பழம்?"

"காலடியில வந்து நின்னுது. எடுத்துப் பார்க்கலை."

சட்டென்று அவன் முகம் மாறியது. தாளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். விரல் கட்டத்தின் மேல் ஓடியது.

"அம்மா! வலியில கை இப்படித்தானே இறுகியிருக்கும்? மருத்துவச்சி சொன்ன பிறகும் பழம் கையிலயே நின்னிருக்கும். நான் பிந்தித்தான் குறிச்சிருக்கேன். அப்ப பிள்ளை முந்தியே பிறந்துட்டான். மேஷம்! குரு பார்க்குது!"

"இருக்கலாம்," என்றாள் மரகதம்மாள். "வலி தாங்காம, சொல்றதுக்கு முந்தியே கை திறந்திருந்தாலோ?"

அவன் விரல் நின்றது.

"அப்ப பிறந்தது இன்னும் பிந்தி. ரிஷபமேதான்." நிமிர்ந்து கேட்டான்: "எது நிஜம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்லை. நீங்களும் உள்ள இல்லை."

"மருத்துவச்சி செத்துப் போயிட்டாளே."

"கை யாரோடதோ, அவ உங்க வீட்டுலதான் இருக்கா. துணி மடிச்சுக்கிட்டு இருக்கா. போய்க் கேளுங்க."

வீரபாகு பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேட்டா சொல்லுவா. அவ சொல்றது உண்மைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மரகதம்மாள் அவன் மடியிலிருந்த தாளைச் சுட்டிக் காட்டினாள்.

"இத்தனை வருஷமா அவ உருட்டின பழத்தை உண்மைன்னு வச்சுத்தானே இந்தக் கட்டம் போட்டிருக்கீங்க. அது எப்படித் தெரிஞ்சுது?"