பத்துச் சக்கர இன்ஜினும் பாவாயி மகள் சீரும்

புத்திசாலிகளைப் பற்றிக் கதை சொல்வது ஆபத்து. பத்துப் பேர் வந்து "என்னைத்தானே சொன்னாய்" என்று சட்டையைப் பிடிப்பார்கள். முட்டாள்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், இதுவரை ஒருவர்கூட வந்து அது நான்தான் என்று ஒப்புக்கொண்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அத்தப்பன் கதையை ஆரம்பிக்கிறேன்.

அத்தப்பன் மலையடிவாரத்தில் தேங்காய் வியாபாரம் செய்பவர். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார். அக்கா பாவாயியை மலைமேல் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவின் மூத்த மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு போனார். கட்டில், பீரோ, அண்டா, அரிசி மூட்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஏறிய பிக்கப், பதினோராவது கொண்டை ஊசி வளைவில் இனி ஒரு அடி ஆகாது என்று நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, பெண்ணைப் பெற்ற ரங்கப்பனே பட்டு வேட்டியோடு டிராக்டரில் வந்து, கயிறு கட்டி இழுத்துப் போனார். சீர் வண்டியை டிராக்டர் இழுத்து வரும் அழகை மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ரங்கப்பன் அத்தப்பனை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்.

"என்ன மாப்ள, கயிறு கொண்டாரட்டுமா?"

சந்தையில் கேட்டார், கோயிலில் கேட்டார். ஒரு இழவு வீட்டில், பிணத்தை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்கூடக் கேட்டார். அத்தப்பனுக்கு அந்தக் கேள்வி சோற்றில் கல் மாதிரி ஆகிவிட்டது. இப்போது இளைய மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். இந்த முறையும் வண்டி நின்றால் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவே முடியாது என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

ஏழு நாள் யோசித்தார். யோசித்துப் பழக்கமில்லாதவர், பாவம், இரண்டு கிலோ இளைத்துப் போனார். எட்டாம் நாள் மலைப்பாதையில் ஒரு பத்துச் சக்கர லாரி அலட்டிக்கொள்ளாமல் ஏறுவதைப் பார்த்ததும் ஞானம் பிறந்தது. லாரியை ஏற்றுவது எது? இன்ஜின். அந்த இன்ஜினைப் பிக்கப்பில் வைத்தால்? சின்ன பிக்கப்புக்குச் சின்ன இன்ஜின் வைத்தவர்கள் எல்லாம் காரணத்தோடுதான் வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு அவருக்கு வரவில்லை. வந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

லாரிகளைப் பிரித்து விற்கும் காயலான் கடையில், பழைய பத்துச் சக்கர லாரியின் இன்ஜின் ஒன்றைப் பிடித்தார். அதைக் கிரேனில் தூக்கிக்கொண்டு நேராக 'முச்சகோதரர் ஒர்க்‌ஷாப்' போய் இறங்கினார்.

முச்சகோதரர் யார் என்றால், பெரியவர் பொங்கியண்ணன், இரண்டாமவர் நாச்சிமுத்து, கடைசி குப்புராசு. மூன்று பேருக்கும் கை தங்கம். எந்த இன்ஜினையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். கழுத்துக்கு மேலேதான் சாமான் கொஞ்சம் குறைச்சல். அதனால் அவர்களுடைய அப்பா சாகும்முன் இரண்டு விதிகளைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

*ஒன்று: எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வை.*

*இரண்டு: வண்டிக்காரர் சொன்னதைச் செய். சொல்லாததைச் செய்யாதே.*

சகோதரர்கள் தினமும் காலையில் பலகைக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார்கள்.

"இந்தச் சின்ன இன்ஜினைக் கழட்டிப்போட்டு இந்தப் பெரிய இன்ஜினைப் பூட்டோணும். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்குது," என்று சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த சீர்ச் சாமான்களையும் ஒர்க்‌ஷாப் கொட்டகையிலேயே இறக்கினார் அத்தப்பன். இங்கிருந்தே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது திட்டம்.

மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தார். பானட்டுக்குள் சின்ன இன்ஜின் துடைத்து வைத்த குத்துவிளக்காக உட்கார்ந்திருந்தது.

"ஏப்பா, கழட்டலியா?"

"காலைலயே கழட்டிட்டமுங்ணா," என்றார் பொங்கியண்ணன். "சாயங்காலம் எடுத்த எடத்துலயே வெச்சுட்டமுங்க."

"அதை எதுக்கு வெச்சீங்க?"

மூவரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு, இதுகூடத் தெரியாமல் ஒரு மனுஷன் வண்டி ஓட்டுகிறாரே என்று அத்தப்பனைப் பார்த்தார்கள்.

அதற்கு மறுநாளும் கழற்றினார்கள். சாயங்காலம் மறுபடியும் பூட்டினார்கள். மூன்றாம் நாள் அத்தப்பன் தலையில் அடித்துக்கொண்டு, "சாமி, அந்தச் சின்ன இன்ஜின் இனிமேல் என்ற கண்ணுலயே படக்கூடாது. அதை எங்கயோ கொண்டுபோய் வைங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று சகோதரர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

"அத்தப்பண்ணன் கண்ணுல படாத எடம் எது?" என்றார் பொங்கியண்ணன்.

"அவரு முதுகுங்க," என்றான் குப்புராசு. "எந்த மனுசனுக்கும் தன்ற முதுகு தெரியாது."

"முதுகுல கட்டுனா எந்திரிச்சு நடப்பாராடா?"

"மெதுவா நடப்பாருங்க."

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார், "அந்த பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா? இரும்புக் கதவு. கண்ணு உள்ள போகாது."

இரண்டாமவருக்கு இவ்வளவு மூளையா என்று மற்ற இருவரும் வியந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்கு வாங்கிய பீரோவின் தட்டுகளைக் கழற்றினார்கள், இன்ஜினை உள்ளே நிறுத்தினார்கள், பூட்டினார்கள். சாவியை நாச்சிமுத்து அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அடுத்தது லாரி இன்ஜின். அது பானட்டுக்குள் போகவில்லை. பாதியாவது போகட்டும் என்று கேபின் சுவரை அறுத்தார்கள். இன்ஜின் உள்ளே வந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் சீட்டிலும் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டது. அத்தப்பன் எங்கே உட்காருவார்? கதவைக் கழற்றிவிட்டு, வெளியே ஒரு டீக்கடை ஸ்டூலை வெல்டிங் வைத்தார்கள்.

"மழை பேஞ்சா?" என்று கேட்டார் அத்தப்பன்.

"குடை புடிச்சுக்கலாமுங்க. குடைக்கும் ஒரு கம்பி வெச்சிருக்கறோம்," என்றான் குப்புராசு பெருமையாக.

இன்ஜினைத் தூக்கிப் பிடித்திருந்த சங்கிலியைத் தளர்த்தி, அதன் பாரத்தை வண்டிமேல் இறக்கிய நொடியில் பிக்கப் மூக்குக் குப்புறக் கவிழ்ந்து, பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நின்றன. வண்டியை நகர்த்துவதே பின்சக்கரம்தான். ஸ்டார்ட் செய்ததும் அவை வானத்தைப் பார்த்துக்கொண்டு அருமையாகச் சுற்றின.

"ஓடுதுங்க," என்றார் பொங்கியண்ணன்.

"எங்கப்பா ஓடுது? இருந்த எடத்துலயே நிக்குது!"

"சக்கரம் ஓடுதுங்களே. வண்டி ஓடோணும்னு நீங்க தனியாச் சொல்லலீங்க."

அத்தப்பன் தனியாகச் சொன்னார். பின்னால் பாரம் வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். மூன்று சகோதரர்களும் ஏறி வாலில் உட்கார்ந்தார்கள். சக்கரம் பாதி இறங்கியது. கட்டிலை ஏற்றினார்கள், அண்டாவை ஏற்றினார்கள், அரிசி மூட்டைகளை ஏற்றினார்கள், இன்னும் கொஞ்சம் இறங்கியது. கடைசியாக பீரோவை ஆறு பேர் பிடித்துத் தூக்கி வாலில் வைத்தார்கள். சக்கரம் இரண்டும் தொப்பென்று தரையில் உட்கார்ந்தன.

"பீரோ கெட்டித் தகடு," என்று சந்தோஷப்பட்டார் அத்தப்பன். "கடைக்காரன் ஏமாத்தலை."

அப்புறம்தான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். வீட்டுக்குக் கிளம்பும்முன் திரும்பிப் பார்த்து, விரலை ஆட்டிச் சொன்னார். "ஒண்ணு மட்டும் சொல்லிப்போட்டேன். நாளைக்கு இந்த வண்டி எங்கயுமே நிக்கக்கூடாது. நின்னுதோ, உங்க மூணு பேரையும் சும்மா விடமாட்டேன்."

அவர் தலை மறைந்ததும் மறுபடி ஆலோசனை.

"வண்டி எதனால நிக்குது?"

"பிரேக்குனாலதானுங்க."

"அப்பறம் எதுக்கு அதை எல்லா வண்டியிலயும் வெக்கறாங்க?"

"நிக்கோணும்னு நெனைக்கறவங்களுக்கு வெப்பாங்களாட்ட இருக்குது. நம்ம அண்ணன் நெனைக்கல."

பிரேக்கைக் கழற்றி, வண்டியோடு வரும் சாமான் பெட்டியில் வைத்தார்கள். இன்ஜினை அணைக்கும் கம்பியைப் பார்த்தார்கள். அதுவும் நிறுத்துகிற சாமான்தானே? அதையும் கழற்றினார்கள். ஒரு வண்டிக்காரரின் ஆசையை இவ்வளவு முழுசாக நிறைவேற்றிய திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினார்கள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினார்கள். பொங்கியண்ணன் இன்ஜினுக்கு அடியில் கடப்பாரையை விட்டு ஒரு கியரை நெம்பிப் போட்டார். மலை முழுக்க அந்த ஒரே கியர்தான். அத்தப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளி ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். சகோதரர்கள் பீரோவைச் சுற்றி வாலில் உட்கார்ந்தார்கள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வண்டி ஏறியது. முட்டாள்கள் செய்த காரியம் பலிக்காது என்று யாரோ ஒரு புத்திசாலி சொல்லிவைத்திருக்கிறார், அவர் இந்த வண்டியைப் பார்த்ததில்லை. பதினோராவது வளைவில் அத்தப்பன் குலசாமியை எல்லாம் கூப்பிட்டார். வண்டி அந்த வளைவை மதிக்கவே இல்லை, உறுமிக்கொண்டு தாண்டிவிட்டது. அத்தப்பனுக்குக் கண் கலங்கியது. மூன்று வருஷத்து அவமானம் அந்தப் புகையோடு போனது என்று நினைத்தார்.

மண்டபம் வந்தது. வாசலில் இரண்டு வீட்டாரும் நின்றார்கள். நாயனம் முழங்கியது. அக்கா பாவாயி ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள். அத்தப்பன் கம்பீரமாகப் பிரேக்கை மிதித்தார். கால் காற்றில் போனது. ஆரத்தியைத் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"பொங்கியண்ணா, பிரேக் எங்க?"

"பெட்டியில பத்திரமா இருக்குதுங்ணா. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க, எங்கயும் நிக்காது!"

வண்டி மண்டபத்தைச் சுற்றியது. இரண்டாம் சுற்றில் அது ஏதோ வேண்டுதல் என்று ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மூன்றாம் சுற்றில் சிலர் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார்கள். நான்காம் சுற்றில் ரங்கப்பனுக்குத்தான் விஷயம் புரிந்தது. டிராக்டரை எடுத்து வந்தார், பிக்கப்பின் வாலில் கயிற்றுக் கொக்கியை மாட்டினார், எதிர்ப்பக்கமாக இழுத்தார். இரண்டும் மல்லுக்கட்டி, பிக்கப் மணல் குவியலில் மூக்கைச் செருகி, ஒருவழியாக இன்ஜின் திணறி அணைந்தது.

"ஏத்தறதுக்கு ஒருக்கா, நிறுத்தறதுக்கு ஒருக்கா," என்று கயிற்றைச் சுருட்டினார் ரங்கப்பன். "அடுத்த தடவை கயிறையும் சீரோட சேத்தே கொண்டாந்திரு மாப்ள."

சாமான்களை இறக்கினார்கள். பீரோவை இறக்கியதும் வண்டி மறுபடி மூக்குக் குப்புற விழுந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பாட்டிகள், வண்டியே சபைக்கு வணக்கம் சொல்கிறது என்று பூரித்தார்கள். கல்யாணப் பெண் ஆசையாக பீரோ சாவியைக் கேட்டாள். நாச்சிமுத்து அரைஞாணிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். புடவை வைக்கும் இடத்தில், ஆயில் சொட்டச் சொட்ட அந்தச் சின்ன இன்ஜின் நின்றது.

அத்தப்பனுக்குப் பொறுமை அறுந்தது. "நாசமாப் போனவனுகளே, எல்லாத்தையும் எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வெச்சுத் தொலைங்க," என்று கத்திவிட்டு மணவறைக்குள் போய்விட்டார்.

சகோதரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஆயுசில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. பலகை சொன்னதும் வண்டிக்காரர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. குப்புராசு அழுதேவிட்டான்.

தாலி கட்டி, மூன்று பந்தி முடிந்து, தாய்மாமன் சீரைச் சபையில் காட்டும் நேரம் வந்தது. அத்தப்பன் சம்பந்திகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். பந்தலில் கட்டில் இல்லை, பீரோ இல்லை, அண்டா இல்லை, அரிசி மூட்டை இல்லை. சின்ன இன்ஜினை எடுத்த இடத்தில் பூட்டி, பிரேக்கை எடுத்த இடத்தில் மாட்டி, சீர் முழுவதையும் எடுத்த இடமான ஒர்க்‌ஷாப் கொட்டகைக்கே கொண்டு போய்விட்டார்கள். காயலான் கடைக்குப் போகவேண்டிய லாரி இன்ஜின் மட்டும் இரண்டாம் நடைக்காகக் காத்திருந்தது. தாய்மாமன் கொண்டு வந்தது இதுதான் போலும் என்று பெண்கள் அதற்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, முன்னால் வெற்றிலைத் தட்டும் வைத்திருந்தார்கள்.

ரங்கப்பன் வாயைத் திறந்தார், கயிறு என்று சொல்வதற்குத்தான். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா இன்ஜினை ஒருமுறை சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். முகத்தில் மரியாதை ஏறியது.

"கட்டிலும் பீரோவும் எந்த மாமனும் போடுவான்," என்றார் சபையைப் பார்த்து. "இந்த மாதிரி சீரை நான் எங்கயும் பாத்ததில்ல. நம்ம பையன் மொபெட்டு மேடு ஏற மாட்டேங்குதுன்னு இவருக்கு யாரு சொன்னாங்களோ தெரியல."

ரங்கப்பன் திறந்த வாயை அப்படியே வைத்திருந்தார்.

"ஏனுங்க," என்று அத்தப்பன் பக்கம் குனிந்தார் சம்பந்தி, "இதை மொபெட்டுல பூட்டறதுக்கு நல்ல ஒர்க்‌ஷாப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அத்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அடிவாரத்துல மூணு பேரு இருக்கறாங்க. கை தங்கமுங்க," என்றார். "வண்டி நிக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லீராதீங்க."