சைக்கிளுக்கு நீறு பூசியவர்

ஆற்றுப்பாலத்தின் இக்கரையில், சாக்குப் படுதாவின் கீழ் சைக்கிள் பழுதுபார்த்து வந்தார் சிற்றம்பலனார். அக்கரையில் சிவன் கோயில். பஞ்சர் ஒட்டும்போதும் அவர் வாய் ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டிருக்கும்.

விழுந்து அடிபட்ட சைக்கிளை மட்டும் அவர் எளிதில் திருப்பித் தரமாட்டார். பிரேக்கை அழுத்திப் பார்ப்பார். சக்கரத்தைச் சுழற்றிக் கோணல் பார்ப்பார். பிறகு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, திருநீறு பூசிக் காத்திருப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து நீற்றில் கருங்கோடாக விழும்.

"இரும்புக்குப் பட்டை போட்டாச்சு! அடுத்து மொட்டை எப்ப, பெரியவரே?" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவர் நிமிர்ந்தும் பாரார்.

அவருடைய ஒரே மகள் உமையாள் ஒருநாள் சைக்கிளோடு விழுந்து எழுந்து வந்தாள். கையில் சுவாமிக்கு மாலை. தீபாராதனை மணி கேட்டுவிட்டது. "ஹேண்டில மட்டும் நிமித்தி விடுப்பா, நேரமாச்சு" என்றாள். நிமிர்த்தி அனுப்பினார். பாலத்து இறக்கத்தில் ஃபோர்க் முறிந்தது. இம்முறை விழுந்தவள் எழவில்லை.

அன்றுமுதல் அந்தி சாய்ந்தால், ஆளில்லாத சக்கரமொன்று சுழலும் ஓசை அவர் காதில் விழும். இறைவன்மேல் அவருக்குக் குறையில்லை. தம் கைகளைத்தான் அவர் மன்னிக்கவில்லை. அந்தக் கைகளோடு சந்நிதிக்குள் போக அஞ்சி, இக்கரையிலிருந்தே தொழுதார்.

ஒரு பிரதோஷ நாளில் ஆடு குறுக்கே ஓடி, கோயில் குருக்கள் சைக்கிளோடு விழுந்தார். சிற்றம்பலனார் அந்தச் சைக்கிளை வாங்கிப் பூசிய நீற்றில் மயிரிழை போல் ஒரு கோடு கறுத்தது.

"நாழியாறது ஓய், வண்டியக் குடும்!"

"வேணாஞ் சாமி. முறிஞ்சிரும்."

"சாமி கும்பிட வராத நீர், சாமி காரியத்தத் தடுக்கறீரா?"

குருக்கள் ஏறி அமர்ந்தார். சிற்றம்பலனார் முன்சக்கரத்தின் குறுக்கே தரையில் படுத்துவிட்டார். "ஏத்திட்டுப் போங்க சாமி. இன்னொரு உசுர என்னால அனுப்ப முடியாது."

குருக்கள் வைதபடி நடந்தே போனார். சிற்றம்பலனார் எழுந்து ஹேண்டிலை ஊன்றி அழுத்தினார். ஃபோர்க் இரண்டாயிற்று. அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

பூசை நேரத்தில் குருக்கள் பாலத்தின் வழியே ஓடிவந்தார். கையில் சுவாமியின் பரிவட்டம். முறிந்த இரும்பைப் பார்த்ததும் அவர் அருகே தரையில் அமர்ந்தார்.

"தீபத்தை ஏத்தினேன், நிக்கலை. மூணு தரம் அணைஞ்சுது. உள்ளேர்ந்து ஒரு பொண்ணு குரல், ஓய்! சுவாமியத் தவிர அங்க யாருமில்லை. 'எங்கப்பா வரட்டும், அவரு கை சுத்தமாத்தான் இருக்கு'ன்னுது."

கறைபடிந்த விரல்களைப் பற்றி, பரிவட்டம் கட்டி, அவரை அக்கரைக்கு அழைத்துப்போனார் குருக்கள். அவர் சந்நிதியில் கைகூப்பிய பிறகே தீபம் நின்று எரிந்தது.

பிறர் உயிர் காப்பதையே பூசையாகச் செய்த சிற்றம்பலனாரின் திருக்கரங்கள் வாழ்க.