மலைமண்ணைக் காத்த அதிகாரி

வெள்வரை நாட்டில் மழை பெய்தால் பயிர் மட்டுமா போகும்? வயலே கிளம்பிப் போய்விடும். அவ்வளவு செங்குத்தான மலை. சரிவில் துண்டு நிலம் வைத்துச் சாமை விதைத்தவர்கள், தங்கள் மண் கீழே ஓடுவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்ப்பார்கள்.

மன்னர் மாறவேளுக்கு மனம் பொறுக்கவில்லை. "மலையில் மண்ணைக் காப்பவர்களுக்கு அரண்மனைத் தானியம்" என்று பறையறைவித்தார்.

மன்னரின் அவையில் பொன்னம்பி என்றொரு குறும்புக்காரர் இருந்தார். ஒருநாள் களஞ்சியத்தைக் கடந்து போகும்போது வாசலில் சத்தம் கேட்டது. மாதி என்ற மலைக்காரப் பெண் களஞ்சிய அதிகாரி வல்லபராயரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"தானியம் குடுத்தாத்தானே ஐயா, கூலிக்குப் போகாம கல்லு சுமந்து வரப்பு கட்டலாம்?"

"முதலில் வரப்பு கட்டி மண்ணைக் காத்துக் காட்டு. அப்புறம் தானியம்."

"அதுவரைக்கும் எதைத் தின்னுறது?"

"ஆணையில் அது இல்லையே!"

"விதைச் சாமையையும் பொங்கித் தின்னாச்சு ஐயா" என்றாள் மாதி. பொன்னம்பிக்கு வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு அவைக்குப் போனார்.

"மன்னா, மண்ணைக் காத்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன். நம் வல்லபராயர்தான்!"

"அவரா?"

"மலையடியில் அவர் வயலைப் பாருங்கள். மேலே இருந்து வந்த மண் முழங்கால் உயரம் கிடக்கிறது. ஒரு பிடி வெளியே விடவில்லை மனிதர்!"

தானியம் தனக்கே வரப்போகிறது என்று வல்லபராயருக்கு நாக்கில் நீர் ஊறியது. "உண்மைதான் மன்னா! மலைக்காரர்கள் விட்டார்கள், நான் காத்தேன். அவர்கள் மண் முழுவதும் என் காவலில் பத்திரமாக இருக்கிறது."

"கேட்டாயா அம்மா?" பொன்னம்பி மாதி பக்கம் திரும்பினார். "உங்கள் மண் பத்திரமாக இருக்கிறதாம். காவலில் இருக்கும் பொருளை உடையவர் கேட்டால் கொடுத்துத்தானே ஆகணும்? கேள்."

மாதிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "சாமி, எங்க மண்ணை எங்க சாமைக் காட்டுலயே கொண்டாந்து போடச் சொல்லுங்க."

"மலைமேலா?" வல்லபராயர் அலறினார்.

"அங்கதானே இருந்துச்சு?"

மன்னர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "நியாயம்தான். வல்லபரே, கூடை இருக்கிறதா?"

வல்லபராயர் சாளரம் வழியே மலையை அண்ணாந்து பார்த்தார். உச்சியே கண்ணில் படவில்லை. "மன்னா! இன்றே களஞ்சியத்தைத் திறக்கிறேன். முதலில் தானியம், பிறகு வரப்பு!"

"பழைய மண்ணை விட்டுடறோம் சாமி" என்றாள் மாதி.

"ஆனால் வல்லபரே, இனி இறங்குகிற மண்ணை நீர்தான் மேலே ஏற்ற வேண்டும்" என்ற மன்னர், அதற்கு மேல் அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் கணையாழியைக் கழற்றிப் பொன்னம்பிக்கு அணிவித்தார்.

சில வாரங்கள் கழிந்தன. வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில் மன்னரும் பொன்னம்பியும் மலைப்பாதையில் குதிரையில் இறங்கி வந்தார்கள். எதிரே தலைப்பாகை நழுவ, தலையில் பெரிய கல்லோடு ஒருவர் மூச்சிரைக்க மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"வல்லபரே, எங்கே இந்த ஓட்டம்?"

"வழியை விடுங்கள் மன்னா, மழை வருகிறது! மாதி காட்டில் இன்னும் ஒரு வரப்பு பாக்கி!"