சீந்திலுக்கு வந்த இரண்டாம் பெயர்

அந்தக் காலத்தில், செடிகொடிகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஐப்பசி மாதம் மூன்றாம் நாள் காலையில், கருங்குன்றத்தின் அடிவாரத்தில் நாற்பத்தொரு செடிகள் பெயர் வாங்கக் காத்திருந்தன. நாற்பதாவது இடத்தில் நின்றவள் நாயுருவி. அவளை அடுத்து ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நாற்பத்தொன்றாவதாக நின்றவள் சீந்தில்.

பெயர் வைக்க வந்தவர் சோமதத்தர் என்ற வைத்தியர். வடக்கிலிருந்து நடந்தே வந்தவர். குன்றத்துச் செடிகளுக்கு அதற்கு முன் பெயர் இல்லாமல் இல்லை. ஆடு மேய்ப்பவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள். ஆற்றுக்கு அக்கரையில் அதே செடிக்கு வேறு பெயர். மலையைத் தாண்டினால் மூன்றாவதாக ஒன்று. மருந்து தேடிப் போனவர்கள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பறித்துவந்து நோயாளியின் வயிற்றைக் கெடுத்தார்கள். எல்லா நாட்டு வைத்தியருக்கும் விளங்கும்படி வடமொழியில் பெயர் வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும் என்று நினைத்துத்தான் அவர் கிளம்பினார். பெயர் பெற்ற செடி அவருடைய கூடையில் ஊர் ஊராகப் போகும். பெறாதது நின்ற இடத்திலேயே நின்று ஆட்டுக்கு இரையாகும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. செடியின் தண்டில் மஞ்சள் தடவிய நூலைக் கட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். முகர்வார். இலையைக் கிள்ளி நாக்கில் வைப்பார். பிறகு பெயரைச் சொல்லிக்கொண்டே நூலை அவிழ்ப்பார். நூல் இருக்கும்வரை அந்தச் செடியை யாரும் தொடக்கூடாது.

"நீங்கள் கேட்கும் பெயரை வைக்கமாட்டேன். நான் கண்டதைத்தான் பெயராகச் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அதன்படியே நடந்தது. அமுக்கராவின் வேரை முகர்ந்தவர் குதிரை வாடை அடிக்கிறது என்று அசுவகந்தா என்றார். நெருஞ்சில் காயைத் திருப்பிப் பார்த்தவருக்கு மாட்டுக் குளம்பு ஞாபகம் வந்தது. கோக்ஷுரம் என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

நாயுருவியின் முறை வந்தது. அந்த நாளில் அவள் பார்க்க நன்றாக இருப்பாள். நீண்ட கதிர். அதில் இருந்த பூவெல்லாம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும், ஒவ்வொரு பூவின் அடியிலும் அரத்தின் பல்லைப்போல ஒரு முள். சோமதத்தர் அவள் வேரைக் கடித்துப் பல் துலக்கிப் பார்த்தார். காலில் இருந்த புண்ணில் சாற்றைப் பிழிந்து காத்திருந்தார். "அபாமார்க்கம். அழுக்கைத் துடைத்தெடுப்பவள்" என்று சொல்லி நூலை அவிழ்த்தார்.

நாயுருவிக்குக் காதில் விழுந்தது துடைப்பது மட்டும்தான். சரி, எல்லாருக்கும் இப்படித்தானே என்று மனத்தை ஆற்றிக்கொண்டாள். அடுத்ததற்கு என்ன வருகிறது என்று பார்க்கத் திரும்பினாள்.

சீந்திலும் அவளும் ஒரே மழையில், ஒரே வேம்பின் நிழலில் முளைத்தவர்கள். வேம்பு தோள் கொடுத்தது சீந்திலுக்கு. இவள் கீழேயே நின்றுவிட்டாள். மேலே இருந்து சீந்தில் அவளை "அக்கா" என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லே நாயுருவிக்கு முள்ளாகக் குத்தும்.

சோமதத்தர் சீந்திலின் தண்டைக் கிள்ளி மென்றார். வழியெல்லாம் அவரை வாட்டிக்கொண்டிருந்த காய்ச்சல் மாலைக்குள் விட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது மனிதருக்கு. "அம்ருதா" என்றார். அமுதம்.

அதோடு விட்டிருந்தாலும் நாயுருவி பொறுத்திருப்பாள். அவர் நூலை அவிழ்க்கவில்லை.

"ஐயா, நூலை மறந்துவிட்டீர்களே" என்றது வேம்பு.

"மறக்கவில்லை. இவளிடம் இன்னும் ஏதோ இருக்கிறது. மலைமேல் போய்விட்டு வருகிறேன். திரும்பிவந்து பார்த்து இரண்டாவதாக ஒரு பெயர் வைப்பேன்."

அவர் மலையேறிப் போனார். நாயுருவிக்கு அன்று தண்ணீர் இறங்கவில்லை.

"அவளுக்கு அமுதம். எனக்குத் துடைப்பம். அதுவும் போதாதென்று இன்னொன்று வேறு வரப்போகிறதாம்" என்றாள்.

"எனக்கு மாட்டுக் குளம்பு. நான் அழுதேனா?" என்றாள் நெருஞ்சில்.

"குதிரை நாற்றம் என்று என்னை ஊர் ஊராகக் கூப்பிடப்போகிறார்கள். நானே பேசாமல் இருக்கிறேன், உனக்கென்னடி?" என்றாள் அமுக்கரா.

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் அவள் பக்கத்தில் நிற்கவில்லை."

மேலே இருந்து சீந்தில் குனிந்தாள். "அக்கா, இரண்டு பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? ஒன்று உனக்குத் தரட்டுமா?"

கேலி எதுவும் இல்லை அந்தக் குரலில். அதுதான் நாயுருவியால் தாங்க முடியாமல் போயிற்று. தனக்குத் தேவையில்லை என்று ஒருத்தி தூக்கிக் கொடுப்பதை வாங்கிக்கொள்வதா? திரும்பி வருகிறவர் காய்ந்த கொடியைக் கண்டால் நூலைக் கழற்றி எறிந்துவிட்டுப் போவார். இரண்டாம் பெயர் பிறக்காது. முதல் பெயரையும் ஊரார் சிரித்தே மறப்பார்கள். அமுதமாம், அது பட்டுப்போயிற்றாம் என்பார்கள்.

மறுநாள் உச்சி வெயில். வேம்பு காக்கைக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெருஞ்சில் வழக்கம்போல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடைக்காற்று எழுந்தது. நாயுருவி காற்றோடு சாய்ந்து, மஞ்சள் நூலுக்குக் கீழே தன் கதிரைச் சீந்திலின் தண்டில் வைத்து இழுத்தாள். காற்று தள்ளும்போது ஒருமுறை, விடும்போது ஒருமுறை. அரம்போல் அறுத்தது. தண்டு துண்டானபோது காற்று நின்றது. அவள் நிமிர்ந்தாள். கதிர் நிமிர்ந்தது, பூக்கள் நிமிரவில்லை. அறுத்த வேகத்தில் எல்லாம் தலைகீழாகத் தரையைப் பார்த்து மடங்கியிருந்தன. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

இரண்டு நாளில் சீந்திலின் இலை வாடியது.

"அக்கா, எனக்கு அடியிலிருந்து தண்ணீரே வரவில்லை. உனக்கு வருகிறதா?"

"எனக்கும்தான் வரவில்லை" என்றாள் நாயுருவி. அவள் காலடியில் மண் ஈரமாகத்தான் இருந்தது.

பிறகு சீந்தில் பேசுவதை நிறுத்திவிட்டாள். இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக நாயுருவியின் மேலேயே விழுந்தது. நாயுருவி அவற்றை உதறவில்லை. கார்த்திகை பிறந்ததும் கொடி வெறும் கயிறாக மரத்தில் தொங்கியது. நாயுருவி நன்றாகத் தூங்கினாள்.

ஒருநாள் விடியலில் அவள் இலையை ஏதோ தடவியது. சிலந்தி நூல் என்று நினைத்தாள். பார்த்தால் வேர். மேலே வெறும் கயிறாகத் தொங்கிய கொடியிலிருந்து நூலைவிட மெல்லிய ஒரு வேர் காற்றிலேயே இறங்கி மண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் கதிரை வைத்து இழுத்தாள். முள் கீழ்நோக்கி மடங்கியிருந்ததால் வழுக்கிற்று. மறுநாள் இன்னொரு வேர் இறங்கியது. அதற்கடுத்த நாள் நாலைந்து. ஒரு வாரத்தில் முதல் வேர் அவள் கால்மாட்டிலேயே, அவளுக்குப் பிரியமான ஈரத்தில், ஊன்றிக்கொண்டது.

"அக்கா, தண்ணீர் வந்துவிட்டது" என்றாள் சீந்தில்.

சோமதத்தர் இறங்கி வந்தபோது கொடி முழுதும் துளிர்த்திருந்தது. அடியில் அறுபட்ட முனையும் அப்படியே இருந்தது. அவர் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார்.

"யார் அறுத்தது?"

"நான் காக்கைக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றது வேம்பு.

"நான் எப்போதும் சூரியனைப் பார்ப்பவள்" என்றாள் நெருஞ்சில்.

சோமதத்தர் நூலை அவிழ்த்தார். "சின்னருஹா. வெட்டினாலும் வளர்கிறவள். அறுத்தவர் யாரோ, அவர் தயவில் கண்டுகொண்டேன். இல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது."

நாயுருவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் அறுத்திராவிட்டால் அந்தப் பெயரே இல்லை. "ஐயா, என்னையும் இன்னொரு முறை பாருங்கள். அவளுக்கு இரண்டு என்றால் எனக்கும் இரண்டு வேண்டும்" என்றாள்.

அவர் மறுபடி நூல் கட்டினார். மண்டியிட்டார். போன முறை வானத்தைப் பார்த்த பூக்கள் இப்போது தரையைப் பார்ப்பதைக் கண்டார். முள்ளிடையே ஒட்டியிருந்த சீந்தில் பட்டையின் துணுக்கை விரலால் எடுத்தார்.

"நீங்கள் கேட்பதை வைக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பிரத்யக்புஷ்பி. பூவைத் திருப்பிக்கொண்டவள்" என்று நூலை அவிழ்த்தார்.

"கேட்டதைவிடச் சரியாகக் கிடைத்திருக்கிறது. இனியாவது தூங்கு" என்றாள் நெருஞ்சில்.

நாயுருவி தூங்கவில்லை. தை மாதத்தில் கன்றுக்குட்டிகள் சீந்தில் இலையைத் தேடிவந்து தின்றன. அங்கேயே தங்கியிருந்த சோமதத்தர் அதைக் கண்டு வத்ஸாதனி, கன்றுகளின் தீனி, என்றார். சீந்திலுக்குப் பெயர் மூன்றாயிற்று. மாசி ஏழாம் நாள் சீந்தில் கொடியில் ஒரு துண்டை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பியபோது, நாயுருவி பாதையில் சாய்ந்து அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, போகிற ஊரில் அவளுக்கு இன்னும் எத்தனை பெயர் வைப்பீர்கள்? சொல்லிவிட்டுப் போங்கள்."

"பார்த்தால்தானே அம்மா தெரியும்?"

அவர் நடந்தார். அவள் விடவில்லை. கதிரிலிருந்து விதைகள் கழன்று அவரோடு போயின. அன்று பிடித்த பிடிதான். இன்றைக்கும் ஒற்றையடிப் பாதையில் யார் போனாலும் நாயுருவி வேட்டியையும் சேலையையும் பிடித்துக்கொள்கிறாள், பூக்களைத் தரைக்குத் திருப்பிக்கொண்டே. அதே கேள்வியைத்தான் கேட்கிறாள்.

அடுத்த ஐப்பசி ஒன்பதாம் நாள், ஆற்றின் அக்கரையில், அவர் வேட்டியோடு போன விதையிலிருந்து ஒரு நாயுருவி முளைத்தது. பக்கத்து வேம்பில் சீந்தில் அதற்கு முன்பே ஏறியிருந்தது.