ஆளுக்கு ஒரு பிடி

"சாமி, நான் மனு எழுதினது தப்பா?"

ஓடத்துறைக்கு வந்ததும் வராததுமாகத் தில்லைநாயகம் செட்டியார் கேட்டார். அறுபத்திரண்டு வயசு. ஜவுளிக்கடை முதலாளி. கடையில் கேட்கிற அதட்டலில் பாதிகூடக் குரலில் இல்லை.

சாமிக்கு அவரைவிடப் பத்து வயசு குறைவு. அந்த ஆற்றில் முப்பது வருஷம் ஓடம் தள்ளியவர். இப்போது நெஞ்சில் கோளாறு. இருமிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார்.

"எந்த மனு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே!"

ஊருக்கே தெரிந்த மனு. ஆற்றுக்கு இக்கரையில் ஒரு துரைத்தனம், அக்கரையில் வேறொரு துரைத்தனம். கொடி வேறு, சட்டம் வேறு. அக்கரைக் கைலி மலிவாக வந்து என் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று செட்டியார் எழுதிக் கொடுத்தார். நம் துரை கைலிக்குத் தடை போட்டார்.

அக்கரை துரைக்கு ரோஷம் வந்தது. நம் கருவாட்டுக்குத் தடை போட்டார்.

நம் துரை விடுவாரா? அக்கரை நெல் ஒரு மணிகூட இங்கே இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவர் என்ன சோறா சாப்பிடுகிறார், ரொட்டி தின்கிறவர்.

போன கார்த்திகைப் புயலில் கடல் ஏறி, ஊரில் இருந்த விதைநெல்லெல்லாம் உப்பில் ஊறிக் கெட்டிருந்தது.

"ஆடி முடியப் பத்து நாள்தான் இருக்கு சாமி. அதுக்குள்ள நாத்தங்கால்ல விதை விழலேன்னா, தையில ஊர்ல ஒரு வீட்லயும் உலை வைக்க முடியாது. அக்கரையில விதை இருக்கு, சும்மாக் கொடுக்கவும் தயாரா இருக்காங்க. சுங்கச் சாவடியில விடமாட்டேங்கறான். ஜனங்க என் வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தறாங்க."

"உத்தரவு கையில இருக்கா?"

மடியில்தான் இருந்தது.

"வாசியும்."

நெல், அரிசி, நொய், தவிடு. எல்லாம் தடை. செட்டியார் வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"கடைசி வரியை விட்டுட்டீரே."

"இழவுக்கு வருவோர், இறந்தவர் வாய்க்கரிசிக்காகக் கொண்டுவரும் தானியம், ஆளுக்கு ஒரு பிடி நீங்கலாக."

உத்தரவை எழுதிய குமாஸ்தாவின் மாமனார் அக்கரைக்காரர். இக்கரையில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்தக் கவலையில் சேர்த்த வரி.

சாமி தன் பழைய ஓடத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் சங்கு ஊதச் சொல்லும். நான் போயிட்டேன்னு அக்கரைக்கு ஆள் அனுப்பும். அரிசி வேண்டாம், விதைநெல்லாக் கொண்டுவரச் சொல்லும்."

செட்டியாருக்குச் சட்டென்று பிடிபட்டது. தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார்.

"அட என் சாமி! இது எனக்குத் தோணலியே!"

"ஆத்துல குளிச்சுட்டு என் பழைய ஓடத்துல படுத்துக்கறேன். யாரும் தொட வேண்டாம். என் வாய்க்கு ஒரு மணி போதும். மத்ததை ஓடத்துல கொட்டட்டும்."

"பிணத்துக்குப் போட்ட நெல்லை விதைக்கலாமா?"

"நெல்லுக்கு அதெல்லாம் தெரியாது ஓய்."

"சுங்கத்துரை வந்து சோதிப்பான் சாமி. பொய்னு கண்டுபிடிச்சா?"

"பொய்யா இருந்தா கண்டுபிடிக்கட்டும்."

"நாள் பூரா படுத்திருக்கணும். ஈ மொய்க்கும். அசையக் கூடாது."

"அசையமாட்டேன்."

"ஓடம் நிறைஞ்சதும் காதுல சொல்றேன். எந்திரிச்சுடுங்க."

சாமிக்கு இருமல் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை செட்டியார் வந்தபோது, சாமி ஓடத்தின் குறுக்குப் பலகைகளின் மேல் நீட்டிப் படுத்திருந்தார். ஈரவேட்டி. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"சபாஷ்" என்று செட்டியார் மெதுவாகச் சொன்னார். சங்கு ஊதச் சொன்னார்.

முதலில் பத்துப் பேர் வந்தார்கள். பிறகு ஐம்பது பேர்.

பிறகு அக்கரை முழுக்கத் தலையாகத் தெரிந்தது.

பிரசவத்துக்கும் இழவுக்கும் போகிறவர்களிடம் சாமி ஒருநாளும் கூலி வாங்கியதில்லை. முப்பது வருஷம். அவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஓடங்கள் போதாமல், ஆழமில்லாத பக்கமாக இடுப்புத் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். நனையாமல் இருக்க, ஒவ்வொருவரும் மூடிய கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பேச்சில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

தான் செய்த ஏற்பாடுதான் என்பதே செட்டியாருக்கு மறந்துபோயிற்று.

சுங்கத்துரை வந்தார். ஓடத்தில் ஏறிச் சாமியின் மூக்கில் விரலை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

செட்டியார் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். மூச்சை விட்டுடாதீங்க சாமி, விட்டுடாதீங்க.

துரை தொப்பியைக் கழற்றினார்.

"வழி விடுங்கள்" என்று சிப்பாய்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன மனுஷன் இவர், மூச்சை இப்படி அடக்குகிறாரே என்று செட்டியாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

பொழுது சாயும்போது நெல் பலகைக்குச் சமமாக ஏறிவிட்டது. சாமி நெல்லின் மேலேயே படுத்திருப்பதுபோல் இருந்தது. செட்டியார் குனிந்தார்.

"சாமி, நிறைஞ்சுடுச்சு. நாத்தங்காலுக்குப் போதும். எந்திரிங்க."

சாமியின் இமைமேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. மெள்ள நடந்து மூக்குக்கு வந்தது.

செட்டியார் காலைத் தொட்டார். ஜில்லென்று விறைத்திருந்தது.

"சாமீ!"

ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தார். ஈர உடம்போடு காசிம் ராவுத்தர். அக்கரைக் கைலி வியாபாரி. செட்டியாரின் மனுவால் கடையை இழுத்துச் சாத்தியவர்.

"எல்லாரும் போட்டாச்சு. நான்தான் கடைசி" என்றார் ராவுத்தர். "நீங்க போட்டாச்சா செட்டியாரே?"

"இல்லே."

"உங்க பிடி எங்கே?"

செட்டியார் கையை விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை.

"நான் கொண்டாரலே ராவுத்தரே. நெசமாவே போவார்னு நான் நினைக்கலே."

ராவுத்தர் தன் பிடியைத் திறந்து, பாதியைச் செட்டியாரின் கையில் கொட்டினார்.