ஒரு பந்திக்கு ஒரு வாய்

குழலி சொன்ன ‘முடியாது’ ஊர்ச்சபைக்குப் போய்ச் சேர்ந்தபோது ‘சம்மதம்’ ஆகியிருந்தது. வழியில் மாற்றியவள் தையல்நாயகி.

இருவரும் ஏரிக்கரை மடத்தில் ஒரே குருவம்மையின் சீடர்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள். அந்த மடத்தில் ஒரு பந்திக்கு ஒரு வாய்தான். முதலில் வந்தவள் எல்லோருக்குமாகச் சபையில் பேசுவாள். தையல் குழலியைவிட ஆறு வருஷம் முன்னால் வந்தவள்.

ஏரி மதகை அரசனின் ஆட்களிடம் ஒப்படைக்கலாமா என்று சபை கேட்டிருந்தது. குழலி உட்பட, பந்தியில் கடைசியாக வந்த நால்வரும் கூடவே கூடாது என்றார்கள். தையல் எல்லோர் பேரிலும் சரி என்று சொல்லிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை சபையார் அந்தச் சம்மதத்தைக் கல்லில் வெட்டக் கொடுக்கப் போகிறார்கள்.

குழலி கேட்டபோது தையல் நிமிரக்கூட இல்லை. பஞ்சத்தில் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தந்தவன் இந்த அரசன்தான், நீ அதற்கப்புறம் வந்தவள் பாப்பா என்றாள். ஆறு வருஷம் மூத்தால் அக்கா ஆகலாம், அரசாங்கம் ஆகிவிட முடியாது என்று சொல்லிவிட்டுக் குழலி குருவம்மையிடம் போனாள். போன வருஷம் பயிர் கதிர் விடும் நேரத்தில் அதே அரசனின் ஆட்கள் அந்த வாய்க்கால் தண்ணீரை அரண்மனைத் தோப்புக்குத் திருப்பியதை மூச்சு விடாமல் எடுத்துச் சொன்னாள்.

குருவம்மை இருவரையும் ஏரிப் படித்துறைக்குக் கூட்டிப் போனாள்.

“எத்தனை படி?”

குழலி தண்ணீர் விளிம்புவரை இறங்கி எண்ணினாள். “பதினொன்று.”

“பதினெட்டு,” என்றாள் தையல். “பஞ்சத்தில் கடைசிப் படியில் உட்கார்ந்து சேற்றைப் பிழிந்து குடித்திருக்கிறேன்.”

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் தோப்புக்குப் போன தண்ணீர் தோப்புக்குத்தானே போயிற்று? கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று குழலிக்குப் புரியவில்லை.

“யார் சொல்வது சரி அம்மை?”

“நாளைக்குக் கல்லில் வெட்டுமுன் இரண்டு பேரும் சபைக்குப் போங்கள்.”

ஒரு பந்திக்கு ஒரு வாய் என்பதுதானே முறை என்று தையல் முணுமுணுத்தாள். குருவம்மை அதைக் காதில் வாங்கவில்லை.

குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்கே நான் என்ன பேசுவேன் என்று உங்களுக்கே தெரியும்.”

“தெரியாது,” என்றாள் குருவம்மை. “அவள் பார்த்த பதினெட்டை நீ சொல். நீ பார்த்த பதினொன்றை அவள் சொல்லட்டும்.”